மூவரி அணிலும் திமிங்கலச் சுறாவும்



மரத்தில் வாழும் அணிலையும் கடலில் வாழும் பெருஞ்சுறாவையும் ஒப்பிடுவது எங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம், தலைப்பைக் கேட்ட அளவிலேயே சிலருக்கு எழுந்திருக்கும். ஒன்று உள்ளங்கையில் அடங்குவது. மற்றொன்று கல்யாண மண்டபத்தின் மேடையிலும் அடங்காதது. ஆயினும் இவ்விரண்டுக்கும் ஒரே இயலில் இடமளித்த நூல் தமிழில் உண்டு. அது தொல்காப்பியம். அந்நூலின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் வகுத்துரைக்கிறது. அணிலை அது மூன்று வரிகளை உடையது என்னும் அடைமொழியோடு குறிக்கிறது. அணிலின் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியது. பறழ் என்று வழங்கினும் தவறில்லை. அதே இயலில், எருமை, பன்றி, மான் முதலிய நிலவாழ் விலங்குகளின் ஆணுக்குரிய ஏறு என்னும் பெயர், கடலில் வாழும் சுறாவின் ஆணுக்கும் உரியதாக்கப்படுகிறது.

இலக்கணம் அணிலைச் சுட்டியபோது அதன் குட்டியை நினைத்தது. சுறாவைச் சுட்டியபோது ஏற்றின் மிடுக்கை நினைத்தது. மக்கள் மனத்தில் இன்றளவும் நிலவும் எண்ணமும் இதுவே. அணில் எளியது, ஆதலின் இரங்கத்தக்கது. சுறா வலியது, ஆதலின் அஞ்சத்தக்கது. சுறா தாக்கியதால் புண்பட்ட தந்தையைக் குறுந்தொகைப் பாட்டொன்று காட்டுகிறது. ஆகவே அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. எனினும், வலியது எது, எளியது எது என்பதை உடலின் அளவைக் கொண்டு முடிவு செய்துவிடலாமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒப்பீட்டுக்கு உரிய இரண்டு உயிர்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். அணில் இனங்கள் பல. அவற்றுள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோப்பு, தோட்டம், கூரை, மதில் என எங்கும் திரியும் மூவரி அணிலே இங்குப் பேசப்படுவது. லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1766-ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பனைக்கு உரியது என்னும் பொருள் அப்பெயரில் அமைந்துள்ளது. சுறா இனங்களும் பல நூறு. அவற்றுள் மிகப் பெரியதும், உலகில் உள்ள மீன்கள் அனைத்திலும் பெரியதும் திமிங்கலச் சுறா. பெயரில் திமிங்கலம் இருப்பினும் இது திமிங்கலம் அன்று. செவுளால் மூச்சுவிடும் மீனே ஆகும். 1828-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடாவில் பிடிபட்ட ஒரு சுறாவை ஆராய்ந்து ஆண்ட்ரூ சுமித் என்பவர் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். விரலளவு மீன்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய அறிவியல், மீன்களில் மிகப் பெரியதை அத்துணைக் காலம் அறியாதிருந்தது வியப்புக்குரியது.

இனி அளவைக் காண்போர் மலைப்பர். மூவரி அணிலின் எடை ஏறத்தாழ 100 கிராம். வாலையும் சேர்த்து அளந்தால் நீளம் ஓர் அடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். வளர்ந்த திமிங்கலச் சுறா 12 மீட்டர் நீளத்தை எளிதில் எட்டும். 18 மீட்டர் அளவுக்கு வளர்ந்தவையும் பதிவாகியுள்ளன. 12 மீட்டர் நீளமுள்ள சுறாவின் எடை 10 டன்னைக் கடக்கும். தராசின் ஒரு தட்டில் அச்சுறாவை வைத்தால், மறுதட்டில் ஓர் இலட்சம் அணில்களை வைத்தாலும் தட்டு சமமாகாது. அதன் வாயின் அகலம் மட்டுமே ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். அந்த ஒரு வாயின் குறுக்கே நான்கைந்து அணில்கள் வாலை நீட்டி வரிசையாகப் படுத்துக்கொள்ளலாம்.

இத்துணைப் பெரிய வாய் எதனை விழுங்குகிறது? இங்கேதான் முதல் வியப்பு. திமிங்கலச் சுறாவின் வாயில் 300-க்கும் மேற்பட்ட வரிசைகளில் மிகச் சிறிய பற்கள் உள்ளன. அவை கடிக்கவோ மெல்லவோ பயன்படுவதில்லை. வாயைத் திறந்தபடியே அது மெல்ல நீந்துகிறது. சில வேளைகளில் நீரை உறிஞ்சி இழுக்கிறது. உட்புகுந்த நீர் செவுள்களின் வழியே வெளியேறும்போது, அங்குள்ள சல்லடை போன்ற அமைப்பில் மிதவை நுண்ணுயிர்களும் சிறு இறால்களும் மீன் முட்டைகளும் சிறு மீன்களும் தங்கிவிடுகின்றன. சோறு வடிக்கும்போது கஞ்சி போய்ப் பருக்கை தங்குவது போன்றதே இச்செயல். உலகின் மிகப் பெரிய மீன், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்களை உண்டு வயிறு வளர்க்கிறது. அதனருகே மனிதர் நீந்தினும் அது அவர்களை இரையாகக் கருதுவதில்லை.

அணிலின் வாயோ சிறியது. ஆனால் வலிமை மிக்கது. மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உள்ள அதன் முன்பற்கள் உளியை ஒத்தவை. அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துக் கொறித்துத் தேய்ந்தால்தான் அளவோடு நிற்கும். கொறிக்க இயலாத அணிலின் பற்கள் நீண்டு, அதன் வாயையே மூடவிடாமல் செய்துவிடும். பழம், கொட்டை, தளிர், மொட்டு ஆகியவற்றோடு பூச்சிகளையும் பறவை முட்டைகளையும் அது உண்பதுண்டு. கடினமான கொட்டையைக் குடைந்து பிளக்கும் திறன் 100 கிராம் எடையுள்ள அணிலுக்கு இருக்கிறது. 10 டன் எடையுள்ள சுறாவுக்கு இல்லை. அளவு ஒருபுறம் இருக்க, ஆற்றல் வேறோரிடத்தில் இருப்பதை இது காட்டுகிறது.

உடலின் அமைப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. அணிலின் உடலுக்கு எலும்புகளே தாங்கு தூண்கள். அதன் பின்னங்கால்கள் கணுவில் பின்புறமாகத் திரும்ப வல்லவை. ஆதலால் மரத்தில் தலைகீழாக இறங்கும்போதும் நகங்கள் பட்டையைப் பற்றிக்கொள்கின்றன. வால் சமநிலையைக் காக்கிறது. எடை குறைவாதலின், உயரமான கிளையிலிருந்து தவறி விழுந்தாலும் பெரும்பாலும் எழுந்து ஓடிவிடுகிறது. திமிங்கலச் சுறாவின் உடலிலோ எலும்பே இல்லை. மனிதரின் காதுமடலில் உள்ளது போன்ற குருத்தெலும்பினால் ஆனது அதன் கூடு. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் நீரில் அமிழாதிருக்க உதவுகிறது. முதுகுத் தோல் 10 சென்டிமீட்டருக்கும் மிகுதியான தடிப்புடையது. ஆழ்கடலில் 1,900 மீட்டருக்கும் கீழே அது மூழ்கிச் சென்றது பதிவாகியுள்ளது. இத்தனையும் நீர் தாங்கும்வரைதான். கரையில் ஒதுங்கிவிட்டால் தன் எடையே அதற்குப் பகையாகிறது. மனிதர் கைகொடுத்துக் கடலுக்குள் செலுத்தாவிடின் அது மீள்வதில்லை.

வாழும் எல்லையும் அவ்வாறே. ஓர் அணிலின் உலகம் சில மரங்கள், ஒரு கூரை, ஒரு மதில். சிறிய உடல் விரைவில் வெப்பத்தை இழப்பதால் அது அடிக்கடி உண்ண வேண்டும். ஆதலின் பகலெல்லாம் ஓடியாடி இரை தேடுகிறது. திமிங்கலச் சுறாவின் உலகம் பெருங்கடல். 2011-ஆம் ஆண்டில் பனாமா நாட்டை ஒட்டிய கடலில் ஒரு பெண் சுறாவின் உடலில் அடையாளக் கருவி பொருத்தப்பட்டது. அது 841 நாள்களில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, பசிபிக் பெருங்கடலின் மறுபுறத்தில் உள்ள மரியானா அகழிப் பகுதியை அடைந்தது. ஒரு நாட்டின் சட்டம் மட்டும் இத்தகைய உயிரைக் காத்துவிட இயலாது என்பதையும் இப்பயணம் உணர்த்துகிறது.

இவ்வளவு வேறுபாடுகளுக்கு இடையே அழகிய ஒற்றுமை ஒன்றும் உண்டு. இரண்டுமே முதுகில் வெண்ணிறக் குறிகளைத் தாங்கியவை. அணிலுக்கு மூன்று கோடுகள். அவற்றுக்கு மக்கள் வழங்கும் கதையை இங்குள்ள சிறுவர்களும் அறிவர். திமிங்கலச் சுறாவுக்குக் கோடுகளோடு புள்ளிகளும் உண்டு. கருநீல வானில் விண்மீன்கள் இறைந்து கிடப்பதைப் போன்ற தோற்றம் அது. இவ்வுவமை வெறும் அலங்காரம் அன்று. ஒரு சுறாவின் புள்ளிகள் மற்றொரு சுறாவின் புள்ளிகளை ஒத்திருப்பதில்லை. வானியலார் விண்மீன் கூட்டங்களின் படங்களை ஒப்பிட வகுத்திருந்த கணக்கு முறையை, 2005-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் சுறாவின் புள்ளிகளுக்குப் பொருத்திப் பார்த்தனர். செவுளுக்குப் பின்னுள்ள பகுதியின் ஒளிப்படத்தைக் கொண்டே இது இன்ன சுறா என்று அடையாளம் காண அதனால் வழி பிறந்தது. அதுவரை மீன் என்னும் பொதுப்பெயருள் அடங்கியிருந்த உயிர், தனித்தனி முகவரி உடையதாயிற்று.

இனி இவ்வுரையின் மையமான செய்திக்கு வருவது தகும். அது பிறப்பும் காலமும் பற்றியது.

மூவரி அணில் கருவுற்று ஏறத்தாழ 34 நாள்களில் ஈனும். தேங்காய் நார், பஞ்சு, புல் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய கூட்டில் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். கண் திறவாமலும் மயிர் முளைக்காமலும் பிறக்கும் அவற்றைத் தாய் பாலூட்டி வளர்க்கும். சுமார் 10 வாரங்களில் பால்குடி மறக்கும். சுமார் 9 மாதங்களில் அக்குட்டியே தாயாகும் பருவத்தை எய்தும். பூனை, காக்கை, பருந்து, பாம்பு எனப் பகை பல இருந்தும், தோப்பில் அணில் ஒலி ஓய்வதில்லை. அதற்குக் காரணம் இந்த விரைவே. இழந்ததை ஓரிரு ஆண்டுகளில் அது ஈடுசெய்துவிடுகிறது.

திமிங்கலச் சுறா ஈனுவதை மனிதக் கண் கண்டதாக இதுகாறும் பதிவு இல்லை. 1995-ஆம் ஆண்டில் தைவானை ஒட்டிய கடலில் கருவுற்ற பெண் சுறா ஒன்று பிடிபட்டுக் கொல்லப்பட்டது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 300 குஞ்சுகள் இருந்தன. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து வளர்கின்றன என்னும் உண்மை அதனால் வெளிப்பட்டது. தாய் இறந்தபின்னரே அதன் தாய்மையை உலகம் அறிந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

300 என்னும் எண்ணைக் கேட்டவர், அணிலின் இரண்டு மூன்றைக் காட்டிலும் இது பெருவளம் அன்றோ என்று வினவக்கூடும். ஆனால் அக்குஞ்சுகளுக்குக் கூடு இல்லை, பாலூட்டுவார் இல்லை, காவலும் இல்லை. பிறந்த நொடியிலிருந்து ஒவ்வொன்றும் தனித்தே வாழ வேண்டும். வேறு சுறாக்களின் வயிற்றிலும் பெரிய மீன்களின் வயிற்றிலும் திமிங்கலச் சுறாக் குஞ்சுகள் காணப்பட்டதுண்டு. பிழைத்துக்கொண்ட சிலவும் இனம் பெருக்கும் பருவத்தை எய்த ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஒரு பெண் சுறா தாயாகும் வரையில், தோப்பில் உள்ள அணில் குடும்பத்தில் 30 தலைமுறைகள் தோன்றியிருக்கும். அந்த 30 ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் வலையில் சிக்கினாலும், அல்லது கப்பலின் அடியில் மோதினாலும், அத்தனை ஆண்டு வளர்ச்சியும் அந்த நாளோடு முடிந்துவிடுகிறது. மேற்பரப்பில் மெல்ல நீந்தி இரை உண்ணும் பழக்கம் உள்ளதால் இவ்விரு இடர்களும் அதற்கு மிகுதி.

இதன் விளைவு கண்முன்னே உள்ளது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் திமிங்கலச் சுறாக்களின் தொகை மூன்று தலைமுறைக் காலத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ஆம் ஆண்டில் இதனை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. ஓர் இலட்சம் அணில்களின் எடைக்கு மேல் உள்ள உயிர், ஓர் அணிலுக்கு உள்ள பாதுகாப்புக்கூட இல்லாமல் நிற்கிறது. ஆகவே, வலியது எது, எளியது எது என்னும் வினாவுக்கு உடலின் அளவு விடை ஆகாது. இழந்ததை மீட்க எத்துணைக் காலம் ஆகும் என்பதே விடை.

இவ்வுண்மையை உணர்ந்து நடந்தோர்க்குச் சான்று குசராத்து மாநிலத்தில் உண்டு. சௌராட்டிரக் கடற்கரையில் ஆண்டுதோறும் திமிங்கலச் சுறாக்கள் வருவது வழக்கம். ஒரு காலத்தில் அங்குள்ள மீனவர் ஈரல் எண்ணெய்க்காக அவற்றைப் பிடித்தனர். மரப்படகுகளில் நீர் புகாதிருக்க அந்த எண்ணெயைப் பூசினர். கொக்கியோடு பீப்பாய்களைக் கட்டி, சுறா களைக்கும்வரை இழுக்கவிட்டுப் பிடிக்கும் முறை இருந்தமையால், பீப்பாய் என்னும் பொருள்படும் 'பேரல்' என்பதே அதற்கு அவ்வூர்ப் பெயராயிற்று. 1990-களில் இறைச்சிக்கும் துடுப்புக்கும் வெளிநாட்டுச் சந்தை உருவானபின் வேட்டை பெருகியது. 2000-ஆம் ஆண்டில் மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அக்காட்சிகளை உலகுக்குக் காட்டியது. 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறாவைச் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு ஒரு மீனுக்கும் கிடைத்தது.

சட்டம் வந்தது, ஆயினும் கடலின் நடுவே சட்டத்தைக் காவல் செய்வார் யார்? 2004-ஆம் ஆண்டில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனமும் குசராத்து வனத்துறையும் இணைந்து ஒரு விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கின. இராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதற்குத் துணைநின்றார். கடற்கரைக்கு வரும் இச்சுறா, பேறுகாலத்துக்காகத் தாய்வீடு தேடி வரும் மகள். வீடு தேடி வந்த மகளைக் கொல்வார் உண்டோ என்பது அவர் எடுத்துரைத்த கருத்து. தெரு நாடகங்களும் அதையே நடித்துக் காட்டின. அன்புக்குரியவள் எனப் பொருள்படும் 'வ்ஹாலி' என்னும் பெயர் சுறாவுக்குச் சூட்டப்பட்டது. தலைப்பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கம் தமிழகத்திலும் உண்டாதலின், அச்சொல்லின் ஆற்றலை இங்குள்ள தாய்மார்கள் நன்கு உணர்வர்.

இதில் பொருட்சுமையும் இருந்தது என்பதை மறத்தல் கூடாது. சுறா சிக்கிய வலையை அறுத்தால்தான் அதனை விடுவிக்க இயலும். வலையோ மீனவரின் முதல். கடன் வாங்கி வாங்கியதாகவும் இருக்கும். அறுபட்ட வலைக்கு ஈட்டுத்தொகை வழங்க அரசு முன்வந்தது. விடுவித்த நிகழ்வை மீனவரே ஒளிப்படம் எடுத்துச் சான்று காட்டும் முறையும் ஏற்பட்டது. அதன்பின் நூற்றுக்கணக்கான சுறாக்கள் வலையறுத்து விடுவிக்கப்பட்டுள்ளன. கொக்கி எறிந்த கைகளே கத்தி எடுத்து வலையை அறுத்தன. பீப்பாய் என்று அழைக்கப்பட்டவரை அது சரக்கு. மகள் என்று அழைக்கப்பட்ட பின் அது உறவு. ஒரு பெயர் மாறியது, அதனுடன் இழப்புக்கு ஈடும் சேர்ந்தது, நடத்தை மாறியது. அறிவுரை மட்டும் சொல்லி வறியவர் தலையில் செலவைச் சுமத்தும் அறம் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதும் இங்குப் பெறப்படும் பாடம்.

காலத்தை அளவுகோலாகக் கொள்ளும் இம்முறையை வேறு பலவற்றுக்கும் பொருத்தலாம். யானை ஏறத்தாழ 22 மாதம் கருச்சுமந்து ஒரே கன்றை ஈனும். அதன் வலிமையைக் கண்டு அதற்கு அழிவில்லை என்று எண்ணுவது பிழை. அணிலின் அறிவியற் பெயரில் இடம்பெற்ற பனையும் அத்தகையதே. விதை முளைத்துப் பாளை விடப் பல ஆண்டுகள் பிடிக்கும் மரம் அது. வெட்டுவதற்கோ அரை நாள் போதும். அணில் பெருகிக்கொள்ளும், அது ஏறி விளையாடிய பனை அவ்வாறு பெருகாது. ஆகவே அணிலுக்குச் செய்யும் நன்மையும், அணிலைக் காப்பதைவிட அதன் மரத்தைக் காப்பதிலேயே முழுமை பெறுகிறது.

நிறைவாக ஒரு நிகழ்ச்சி. 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிலிப்பைன்சு நாட்டின் சோர்சோகோன் மாகாணக் கடற்கரையில் ஒரு சிறு மீன், வாலில் கயிறு கட்டப்பட்டு ஒரு முளையோடு பிணைக்கப்பட்டிருந்தது. நீளம் 15 அங்குலம், அதாவது சுமார் 38 சென்டிமீட்டர். ஆய்வாளர் வந்து பார்த்தபோது அது திமிங்கலச் சுறாவின் குஞ்சு எனத் தெரிந்தது. வாலோடு சேர்த்து அளந்த ஓர் அணிலைவிடச் சற்றே பெரியது, அவ்வளவே. அளந்து பதிவு செய்தபின் அவர்கள் கயிற்றை அவிழ்த்து அதனை ஆழமான நீரில் விட்டனர்.

மரபியல் அணிலிடம் குட்டியைக் கண்டது. சுறாவிடம் ஏற்றைக் கண்டது. கடலின் மிகப் பெரிய மீனும் ஒரு காலத்தில் அணிலளவே இருந்த குட்டிதான் என்பதை இன்றைய அறிவியல் அதனுடன் சேர்த்துக் காட்டுகிறது. பிலிப்பைன்சுக் கரையில் விடப்பட்ட அக்குட்டி உயிரோடு இருக்குமானால், அது தாயாகவோ தந்தையாகவோ ஆகும் ஆண்டு இன்னும் வரவில்லை. அதுவரை வலைகளும் கப்பல்களும் நிறைந்த கடலில் அது நீந்த வேண்டும். இந்த அவையில் இருக்கும் சிறுவர்கள் வளர்ந்து பெற்றோராகும் காலத்தில்தான் அதற்கும் அப்பருவம் வாய்க்கும். அத்துணைக் காலம் காத்திருக்கும் பொறுமையே பெரிய உயிர்களுக்கு மனிதர் செய்யத்தக்க பேருதவி ஆகும்.